பொங்கி வழியாத பெல்லினி: கோடை விருந்துக்கு பீச்சும் ப்ரோசெக்கோவும்

கேள்வியின் சுருக்கம் இது. ஜூலைக் கடைசி, மாலை வெயில், 12 விருந்தினர். ஸ்பார்க்ளிங் ஒயினில் குளிர்ச்சியாக ஒரு காக்டெய்ல் கொடுக்க வேண்டும். முன்பு பெல்லினி (பீச் பழக் கூழும் ஸ்பார்க்ளிங் ஒயினும் கலந்த காக்டெய்ல்) செய்து பார்த்தபோது முதல் கிளாஸ் பொங்கி மேஜையில் வழிந்தது, கடைசி கிளாஸ் சப்பென்று பழ ஜூஸ் போல இருந்தது, கூழ் வேறு பழுப்பாகிவிட்டது. எங்கே தவறு? பேசாமல் வேறு பானத்துக்குப் போய்விடலாமா?

போக வேண்டாம். பீச் கிடைக்கும் மாதத்தில் பெல்லினியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது வீண். முதல் இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஒயின் மட்டும் குளிர்ந்திருக்கிறது, கூழும் கிளாஸும் அறைச் சூட்டில் இருந்திருக்கின்றன. கூழ் பழுப்பாகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு போதும்.

பெல்லினி வெனிஸ் நகரத்துப் பானம். சான் மார்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஜுசெப்பே சிப்ரியானி 1931-ல் திறந்த ஹாரிஸ் பாரில் பிறந்தது. ஆண்டு 1948 என்றே பொதுவாகக் குறிக்கிறார்கள். இளஞ்சிவப்பாக இருந்த அந்த நிறத்தைப் பார்த்து, வெனிஸின் பழைய ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரை வைத்தார் சிப்ரியானி. வெள்ளைச் சதை பீச் கோடையில்தான் பழுக்கும் என்பதால் ஆரம்பத்தில் இது அந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே உரிய பானமாக இருந்தது. அடிப்படையில் இரண்டே பொருள்: பீச் கூழ், ப்ரோசெக்கோ என்ற இத்தாலிய ஸ்பார்க்ளிங் ஒயின். ஜின், லிக்கர் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் பழம் சுமாராக இருந்தாலும் ஒயின் சுமாராக இருந்தாலும் மறைக்க இடமில்லை.

பாட்டிலில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகப் பேர் இடறுவது லேபிளில்தான். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதியிருந்தால் இனிப்பே இல்லாத ஒயின் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 'ப்ரூட்'டை விட இனிப்பு. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரை 12 முதல் 17 கிராம். வெறும் 'ட்ரை' 17 முதல் 32 கிராம். நன்றாகப் பழுத்த பீச்சுக்கு ப்ரூட் வாங்குங்கள். பழம் கொஞ்சம் புளிப்பாக அமைந்துவிட்டால் எக்ஸ்ட்ரா ட்ரை கைகொடுக்கும். 'ட்ரை' பக்கம் போகவே வேண்டாம், இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிடும்.

லேபிளில் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் 'ஸ்புமான்தே'. அதே ப்ரோசெக்கோ 'ஃப்ரிஸான்தே' என்ற வகையிலும் வருகிறது, விலையும் குறைவு. ஆனால் அதில் வாயு அழுத்தம் 2.5 பாருக்கு மேல் இருக்காது. ஸ்புமான்தேயில் குறைந்தது 3 பார். கூழைக் கலக்கும்போது வாயுவில் ஒரு பங்கு எப்படியும் போய்விடும். ஃப்ரிஸான்தேயில் போனது போக மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

ஷாம்பெயின் வாங்கிச் செலவு செய்வது இந்தப் பானத்துக்குத் தேவையில்லை. ஷாம்பெயின், ஸ்பெயினின் காவா, பிரான்சின் க்ரேமான் எல்லாம் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, ஈஸ்ட் படிவோடு மாதக்கணக்கில் கிடப்பவை. அந்த ரொட்டி வாசனைக்குத்தான் அந்த விலை. பீச் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காசும் போச்சு, பீச்சின் வாசனையும் மங்கிப் போச்சு. ப்ரோசெக்கோ பெரிய எஃகுத் தொட்டியில் நொதிப்பது. அதன் கிலேரா திராட்சையில் இயல்பாகவே ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ போன்ற மணம் இருக்கிறது, பீச்சோடு ஒட்டிப்போகும். ப்ரோசெக்கோ கிடைக்காத இடத்தில், இந்தியாவிலென்றால் நாசிக் பக்கத்து சூலா ப்ரூட்டோ ஷாந்தோன் ப்ரூட்டோ வைத்துச் செய்யலாம். வேலை நடக்கும், ருசி கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

இனி பழம். தரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளைச் சதை பீச்சில் புளிப்பு குறைவு, பூ மணம் அதிகம். மஞ்சள் பீச்சில் புளிப்பு கூடுதல், நிறம் ஆரஞ்சாக வரும். மஞ்சளில் செய்தால் குற்றமில்லை. எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டையாக அமுக்கினாற்போல இருக்கும் டோனட் பீச் பெரும்பாலும் வெள்ளைச் சதைதான், தாராளமாக வாங்கலாம்.

பழுத்ததா என்று பார்க்கச் சிவப்பு நிறத்தை நம்ப வேண்டாம். அந்தச் சிவப்பு வெயில் பட்ட கன்னம், அவ்வளவே. சிவப்பு படாத பக்கத்தின் அடி நிறத்தைப் பாருங்கள். அங்கே பச்சை தெரிந்தால் காயாகப் பறித்தது. அப்படிப் பறித்த பீச் வீட்டில் மெத்தென்று ஆகும், மணம்கூட வரும், ஆனால் இனிப்பு ஏறாது. அடி நிறம் பாலாடை மாதிரி வெளிறி, காம்புக் குழியின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் அமுங்கி, மூக்கருகே கொண்டுபோனதும் வாசனை அடித்தால் அது சரியான பழம்.

வாங்கி வந்த கையோடு ஃப்ரிட்ஜில் வைப்பது பெரிய தவறு. பழுக்காத பீச் 2 முதல் 8 டிகிரிக்குள் சில நாள் கிடந்தால் உள்ளே சதை பஞ்சுபோல உலர்ந்து, மாவு தின்பதுபோல ஆகிவிடும். சாறு பிரியாது, கூழ் ஒயினோடு கரையாமல் துகள் துகளாக மிதக்கும். மேஜை மேல், காகிதத்தில் ஒன்றோடொன்று படாமல் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, இரண்டு மூன்று நாள் பழுக்க விடுங்கள். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடுதல் இல்லை.

12 பேருக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று வைத்துக்கொண்டால் தேவைப்படுபவை:

வெள்ளை பீச் – ஒன்றரை கிலோ (கொட்டையும் சக்கையும் போக 1 லிட்டருக்குச் சற்று மேல் கூழ் வரும்)
ப்ரோசெக்கோ ப்ரூட் – 750 மி.லி. பாட்டில் 4
எலுமிச்சைச் சாறு – 20 மி.லி., அதாவது 4 டீஸ்பூன்
சர்க்கரைப் பாகு – 0 முதல் 60 மி.லி. வரை, ருசி பார்த்து (100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தது)
ராஸ்பெரி – 6 அல்லது 8, நிறத்துக்காக மட்டும்

கணக்கு சுலபம். ஒரு பாட்டிலுக்கு 250 மி.லி. கூழ். மொத்தம் 1 லிட்டர், அதில் 140 மி.லி. வீதம் 7 கிளாஸ். நான்கு பாட்டிலுக்கு 28 கிளாஸ். கீழே சிந்துவதற்கும் மூன்றாவது கேட்பவருக்கும் சேர்த்து இது சரியாக இருக்கும்.

விவரம் தெரிந்தவர் ஒருவர் இங்கே ஆட்சேபிக்கலாம். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு 100 மி.லி. ப்ரோசெக்கோவுக்கு 50 மி.லி. கூழ், அதாவது இரண்டுக்கு ஒன்று. நான் மேலே சொன்னது மூன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று உணவுக்குப் பின் ஒரே ஒரு கிளாஸ் என்றால் அருமை. வெயிலில் நின்றபடி இரண்டு கிளாஸ் குடிக்க வேண்டிய விருந்தில் அது கூழ் கரைத்த மாதிரி வயிற்றை நிரப்பிவிடும். மூன்றுக்கு ஒன்றில் குமிழியும் கூடுதலாக நிற்கும். முதல் கிளாஸை இரண்டு விதமாகவும் கலந்து பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கூழ் எடுப்பது விருந்துக்கு 4 மணி நேரம் முன்பு. முந்தைய நாள் எடுத்து வைத்தால் மணம் பாதி போய்விடும். பழத்தைக் கழுவி, பிளவை ஒட்டி கத்தியைச் சுற்றி, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகிக் கொட்டையை எடுத்துவிடுங்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பை உடைத்துச் சேர்க்கக் கூடாது. அதில் அமிக்டலின் இருக்கிறது, அது உடலுக்குள் சயனைடாகப் பிரியும். தோலை உரிக்கத் தேவையில்லை. தோலிலும் கொட்டையை ஒட்டிய சதையிலும் இருக்கும் சிவப்புதான் பெல்லினியின் இளஞ்சிவப்பு. தோலை உரித்து எறிந்துவிட்டுப் பிறகு நிறம் வரவில்லையே என்று கிரெனடின் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த மாதுளைப் பாகின் இனிப்பில் பீச் காணாமல் போய்விடும். உங்கள் பழத்தின் தோல் வெளிறியிருந்தால் மட்டும் அந்த ராஸ்பெரியைச் சேர்த்து நசுக்குங்கள்.

நறுக்கிய துண்டு பாத்திரத்தில் விழுந்த உடனே எலுமிச்சைச் சாறு அதன் மேல் இருக்க வேண்டும். கூழான பிறகு சேர்த்தால் பாதி வேலை கெட்டது. வெட்டுப்பட்ட சதையில் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. கத்தரிக்காயை நறுக்கி வெளியே வைத்தால் கறுக்கிறதே, அதே கதை. புளிப்பு ஏறினால் அந்த நொதி மந்தமாகும், குளிரிலும் மந்தமாகும். கறுத்த பின் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் நிறம் திரும்பாது. மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் சி தூள் கையில் இருந்தால் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் போடலாம். அது எலுமிச்சையை விட நன்றாகவே நிறத்தைக் காக்கும்.

கூழைக் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், நிறம் நிற்கும் என்று ஒரு யோசனை உலவுகிறது. நிறம் நிற்பது உண்மை. கூடவே ஜாம் வாசனையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேண்டாம்.

அடுத்து மிக்ஸியா சல்லடையா என்ற கேள்வி. சல்லடைதான் நல்லது. பழுத்த துண்டுகளை மத்தால் மசித்து, எஃகுச் சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் தோலும் நாரும் மேலே தங்கும், கூழ் கீழே இறங்கும். ஒன்றரை கிலோவுக்கு 15, 20 நிமிடம் கை வலிக்கும். மிக்ஸியில் அடித்தால் ஒரு நிமிடம்தான். ஆனால் கூழுக்குள் காற்றை அடித்து ஏற்றிவிடும். அந்தக் காற்று இரண்டு கெடுதல் செய்கிறது: பழுப்பாவதை விரைவுபடுத்துகிறது, கூழிலேயே நுரை நிற்பதால் ஒயின் பட்டவுடன் பொங்குகிறது. மிக்ஸிதான் வழி என்றால் விட்டுவிட்டு மூன்று நான்கு முறை மட்டும் சுற்றி, பிறகு சல்லடையில் தேய்த்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் அடங்க விடுங்கள். மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் கடைசியில் தேநீர் வடிகட்டி அளவுக்கு நுண்ணிய சல்லடையில் ஒருமுறை இறக்குங்கள். பொங்காமல் இருக்க, குளிரோடு இதுவும் ஒரு முக்கியமான தடுப்பு. ஒயினில் கரைந்திருக்கும் வாயு வெறுமனே குமிழி ஆகாது. அது கூடி உருண்டு வளர ஒரு பிடிமானம் வேண்டும். கிளாஸ் சுவரில் ஒட்டிய துணி நூல், பழ நார், அதனுள் சிக்கிய துளிக் காற்று இவைதான் அந்தப் பிடிமானம். கரடுமுரடான கூழில் அப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டு. அவ்வளவு இடத்திலும் ஒரே நேரத்தில் குமிழி கிளம்பினால் கிளாஸ் தாங்காது. வாயு வெளியே ஓடிவிட்டதால் மூன்று நிமிடம் கழித்து அதே கிளாஸ் சப்பென்று நிற்கும். பொங்கியதும் சப்பென்று ஆனதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி.

இனிப்பைத் தீர்மானிக்கும்போது கூழைத் தனியாக ருசி பார்க்காதீர்கள். ஒரு மேஜைக்கரண்டி குளிர்ந்த கூழில் மூன்று மேஜைக்கரண்டி ஒயின் ஊற்றிப் பாருங்கள். குளிர் இனிப்பை அடக்கும்; குமிழி ஒரு புளிப்பைக் கூட்டும். தனியாகத் தித்தித்த கூழ் ஒயினில் சரியாக இருக்கும். தனியாகச் சரியாக இருந்தது ஒயினில் புளிப்பாகத் தெரியும். பாகை 15 மி.லி. வீதம் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரையை அப்படியே தூவ வேண்டாம். கரையாத ஒவ்வொரு துகளும் ஒரு குமிழித் தொழிற்சாலை.

இனி குளிர். ஒரு கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் இருக்கும் 50 மி.லி. கூழில் 5 டிகிரி ஒயின் 100 மி.லி. ஊற்றினால் கலவை ஏறக்குறைய 12 டிகிரி. அதை வெயிலில் வைத்திருந்த கனமான கிளாஸில் ஊற்றினால் 15-ஐத் தொடும். கார்பன் டை ஆக்ஸைடு சூட்டில் கரைந்து நிற்காது. 0 டிகிரி தண்ணீர் தாங்கும் வாயுவில் பாதிதான் 20 டிகிரித் தண்ணீர் தாங்கும். ஆக ஒயினை எவ்வளவு குளிரவைத்திருந்தாலும் கூழும் கிளாஸும் அந்த உழைப்பைக் கெடுத்துவிடும். கூழை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றி மூடி ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வையுங்கள்; உயரமான ஜக்கில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் குளிராது.

பாட்டில் ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். நேரமில்லை என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் சரிபாதி, ஒரு கை கல் உப்பு, அதில் கழுத்து வரை முங்கும்படி 25 நிமிடம். வெறும் ஐஸில் குத்தி வைத்தால் இடையில் காற்று நின்று நேரமாகும். தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றி வளைத்துக் குளிர்விக்கும். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க் பறக்கும், பாட்டில் உடையவும் கூடும்.

கிளாஸை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கிளாஸின் உள்ளே படரும் பனிப்பூ பார்க்க அழகு. ஊற்றியதும் அதன் ஒவ்வொரு முள்ளிலும் குமிழி கிளம்பிப் பொங்கும். பாத்திரம் கழுவும் சோப்பின் படிவு கிளாஸில் இருந்தாலும் நுரை கெடும், ஆகவே நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும். குறுகிய ஃப்ளூட் கிளாஸ் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கூழ் கலந்த பானத்துக்கு அடி கனமான சின்ன நேர் டம்ளரோ, வெள்ளை ஒயின் கிளாஸோ வசதி: மணம் மூக்குக்கு வரும், அடியில் தங்கிய கூழை ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்கிக்கொள்ளலாம்.

திறக்கும்போது முதலில் கார்க் மேல் கட்டைவிரல். பிறகுதான் கம்பிக் கூட்டைத் திருகிக் கழற்ற வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பாட்டிலிலும் ஆறு அரைச் சுற்று. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகமும் எதிரே இல்லாதபடி பிடித்து, கார்க்கை அசையாமல் பற்றிக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருகுங்கள். கார்க் தள்ளிக்கொண்டு வரும்போது அதை எதிர்த்து அழுத்தினால் 'புஸ்' என்று மெல்லிய சத்தத்தோடு வரும். டப்பென்று வெடிக்கவிட்டால் கைதட்டல் கிடைக்கும். கிளாஸில் இருக்க வேண்டிய குமிழி கூரைக்குப் போகும்.

கலக்குவது இப்படி. 2 லிட்டர் பிடிக்கும், குளிரவைத்த ஜக்கில் 250 மி.லி. கூழ். ஜக்கைச் சாய்த்து, சுவரோரமாக முதலில் 250 மி.லி. ஒயினை மட்டும் ஊற்றுங்கள். இளஞ்சிவப்பு நுரை சரசரவென்று ஜக்கின் பாதி வரை ஏறும். பயப்பட வேண்டாம், கை வைக்கவும் வேண்டாம். அரை நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, பட் பட்டென்று உடைந்து இறங்கும். இப்போது நீளமான கரண்டியை அடி வரை விட்டு, கூழை அடியிலிருந்து மேலே தூக்கி மடிக்கிற மாதிரி மூன்று முறை. சுற்றிச் சுழற்றிக் கலக்கக் கூடாது. கூழ் தளர்ந்து தண்ணீர்ப் பதத்துக்கு வந்திருக்கும். மீதி 500 மி.லி. ஒயினை அதே மாதிரி சுவரோரமாக இறக்கி, இன்னும் இரண்டு மடிப்பு. முடிந்தது. முதல் பங்கு ஒயினின் வாயுவைக் கொஞ்சம் பலி கொடுத்துக் கூழைத் தளர்த்திவிட்டதால் இரண்டாம் பங்கின் குமிழி பத்திரமாக நிற்கிறது. மொத்த ஒயினையும் ஒரேயடியாகக் கெட்டிக் கூழ் மேல் ஊற்றினால் மேலே பொங்கும், அடியில் கூழ் கட்டியாகக் கிடக்கும், பிறகு அதைக் கலக்கக் கலக்க மிச்ச வாயுவும் போகும்.

கிளாஸில் ஊற்றும்போதும் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து பியர் ஊற்றுவதுபோல ஊற்றுங்கள். பிரான்சின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெயின் குமிழியை ஆராயும் ஜெரார் லிஜே-பெலேர் குழு 2010-ல் இதை அளந்தே காட்டியது: நேராக நிற்கும் கிளாஸின் நடுவில் ஊற்றுவதை விடச் சாய்த்து ஊற்றினால் அதிக வாயு ஒயினிலேயே தங்குகிறது. ஐஸ் போட வேண்டாம். பார்டெண்டர் சங்கத்தின் முறையில் கலக்கும் பாத்திரத்தில் ஐஸ் உண்டு, ஆனால் அது கிளாஸுக்குள் வராது. எல்லாமே 5 டிகிரியில் இருந்தால் அந்த ஐஸும் தேவையில்லை.

இந்த ஜக்கின் ஆயுள் 5 நிமிடம், மிஞ்சினால் 7. ஆகவே நான்கு பாட்டிலையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கலந்து கரண்டி போட்டு வைப்பது கூடவே கூடாது. 12 பேருக்கு முதல் சுற்றில் இரண்டு ஜக், இரண்டு பேர் கலக்க, 12 கிளாஸும் ஒரே நேரத்தில் கைக்குப் போகட்டும். இரண்டாவது சுற்று கேட்கும்போது கேட்கும் அளவுக்கு மட்டும். பாதி பாட்டில் மீந்தால் ஷாம்பெயின் ஸ்டாப்பர் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைப்பது சும்மா நம்பிக்கை, அதனால் ஒரு பயனும் இல்லை.

11 சதவீத ப்ரோசெக்கோவில் இந்த அளவில் செய்த 140 மி.லி. கிளாஸில் ஏறக்குறைய 9 கிராம் ஆல்கஹால் இருக்கும், சின்ன பியரை விடக் குறைவு. ஆனால் பழ ஜூஸ் மாதிரி இறங்கும், வெயில் வேறு. பக்கத்திலேயே ஒரு ஜக் குளிர்ந்த தண்ணீரும் உப்பு போட்ட பாதாமோ ஆலிவோ வைத்துவிடுங்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் அதே கூழில் 50 மி.லி., சோடா 100 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், பாகு இரண்டு டீஸ்பூன். சோடாவில் ஒயினின் புளிப்பும் இனிப்பும் கிடையாது, அதை ஈடுகட்டத்தான் இந்த இரண்டும். அதே மாதிரி கிளாஸில் கொடுங்கள், யாருக்கும் தனித்துத் தெரியாது.

பீச் சரியாக அமையாவிட்டால்? ஸ்ட்ராபெரி கூழ் வைத்துச் செய்தால் அது ரொஸ்ஸினி. மாதுளைச் சாறு என்றால் தின்தொரேத்தோ. மாதுளை நார் இல்லாத சாறு என்பதால் பொங்கும் தொல்லையும் குறைவு. டின் பீச்சும் பாதகமில்லை: பாகை முழுக்க வடித்து, கூழில் எலுமிச்சையை இரட்டிப்பாக்கி, வேறு இனிப்பே சேர்க்காமல் செய்ய வேண்டும். மாம்பழம் போடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். போடலாம், ஆனால் பீச் அளவில் வேண்டாம். மாங்கூழ் கெட்டி, இனிப்பு அதிகம், வாசனையும் ஒயினை அமுக்கிவிடும். ஐந்து பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு, இருமுறை வடிகட்டியது, எலுமிச்சை தாராளமாக. நன்றாகவே இருக்கும், பெல்லினி என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கூட்டம் 12-க்குப் பதில் 30 என்று ஆகிவிட்டால் அன்றைக்குப் பெல்லினியை விட்டுவிடுங்கள். ஜக்கை விட்டு நகர முடியாது. இத்தாலியின் பதுவா நகரில் 1919-ல் வந்த அபெரோல் என்ற கசப்பு ஆரஞ்சு லிக்கரை வைத்து ஸ்பிரிட்ஸ் என்ற காக்டெய்ல் போடுங்கள்: பெரிய கிளாஸ் நிறைய ஐஸ், 90 மி.லி. ப்ரோசெக்கோ, 60 மி.லி. அபெரோல், ஒரு வீச்சு சோடா, ஆரஞ்சுத் துண்டு. கூழ் இல்லை, பொங்கி வழிவதும் இல்லை, விருந்தினரே கலந்துகொள்ளலாம். கசப்பு பிடிக்காதவர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மீந்த பீச் கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தட்டில் ஒரு கட்டி ஏறக்குறைய 25 மி.லி. இருக்கும், ஒரு கிளாஸுக்கு ஒன்றரைக் கட்டி. முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி உருகவிட்டு, உருகியதை இன்னொரு முறை வடிகட்டுங்கள். உறைந்த கட்டியை அப்படியே ஒயினில் போட்டால் மறுபடி மேஜை துடைக்க வேண்டியிருக்கும்.